ஒரே விசை, இரண்டு விடைகள்: சராசரித் திறனும் உடனடித் திறனும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2 கி.கி நிறையுள்ள ஒரு பொருள் உராய்வில்லாத தளத்தில் ஓய்வில் இருக்கிறது. அதன்மேல் 6 நியூட்டன் மாறா விசை 4 வினாடிகள் செயல்படுகிறது. திறன் எவ்வளவு? ஒருவர் வேலையை நேரத்தால் வகுத்து 36 வாட் என்கிறார். இன்னொருவர் விசையைத் திசைவேகத்தால் பெருக்கி 72 வாட் என்கிறார். இரண்டு சூத்திரங்களும் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். ஆனால் விடைகள் சரியாக இரு மடங்கு வேறுபடுகின்றன. யார் சொல்வது சரி?

இருவரும் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். கேள்விதான் அரைகுறையாகக் கேட்கப்பட்டிருக்கிறது. "திறன் எவ்வளவு" என்று யாராவது கேட்டால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த விசையின் திறன்? எந்த நேரத்துக்கு? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எழுதும் எண் சரியாக வந்தால் அது அதிர்ஷ்டம்தான்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். முடுக்கம் 6 ÷ 2 = 3 மீ/வி². 4 வினாடி முடிவில் திசைவேகம் 12 மீ/வி, இடப்பெயர்ச்சி 24 மீட்டர். வேலை 6 × 24 = 144 ஜூல். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டாலும் அரை × 2 × 144, அதே 144 ஜூல்தான் வருகிறது. இந்த 144 ஜூலை 4 வினாடியால் வகுத்தால் 36 வாட். இது அந்த 4 வினாடி முழுவதற்குமான சராசரித் திறன். 6 × 12 = 72 வாட் என்பது கடிகாரம் சரியாக 4 வினாடியைக் காட்டும் அந்தக் கணத்தில் விசை ஆற்றலைக் கொடுத்துக்கொண்டிருக்கும் வீதம், அதாவது உடனடித் திறன்.

இது ஏன் இரு மடங்கு? பொருள் கிளம்பும்போது திசைவேகம் பூஜ்யம், எனவே திறனும் பூஜ்யம். விசை மாறவே இல்லை, ஆனாலும் திறன் ஏறிக்கொண்டே போகிறது. எந்த நேரத்திலும் திறன் = 6 × 3 × நேரம் = 18 × நேரம். பூஜ்யத்திலிருந்து 72 வரை நேர்கோடாக ஏறும் ஒன்றின் சராசரி நடுவில்தானே இருக்கும்? அதுதான் 36. "மாறா விசை என்றால் மாறாத் திறன்" என்று மனதுக்குள் ஒரு எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முதலில் கழற்றிப் போடுங்கள்.

சரி, "ஒரு கணத்தில் திறன்" என்பதற்கு அர்த்தம்தான் என்ன? ஒரு கணத்தில் நேரமே ஓடவில்லை, வேலையும் நடக்கவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கிறோமா? இந்தச் சந்தேகம் நியாயமானது. இதை எண்களை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம். இந்தப் பொருளின்மேல் செய்யப்பட்ட வேலை, நேரத்தின் வர்க்கத்தைப் போல 9 மடங்கு: 2 வினாடியில் 36 ஜூல், 3 வினாடியில் 81, 4 வினாடியில் 144. கடைசி ஒரு வினாடியை மட்டும் எடுங்கள். வேலை 63 ஜூல், எனவே சராசரித் திறன் 63 வாட். 3.9 முதல் 4 வினாடி வரை எடுத்தால் 71.1 வாட். 3.99 முதல் 4 வரை எடுத்தால் 71.91 வாட். இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 72-ஐ நெருங்கி வருகிறது. அதைத் தாண்டுவதும் இல்லை, வேறெங்கும் போவதும் இல்லை. அந்த எல்லை மதிப்பைத்தான் உடனடித் திறன் என்கிறோம். அது வேலையின் நேர வகைக்கெழு, அதாவது அந்தக் கணத்தில் வேலை நேரத்தோடு மாறும் வீதம்.

வரைபடத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். வேலையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். வளைகோட்டில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் நாணின் சாய்வு சராசரித் திறன், ஒரு புள்ளியில் வரையும் தொடுகோட்டின் சாய்வு உடனடித் திறன். திறனை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கோட்டின் கீழுள்ள பரப்பு வேலை. நம் கணக்கில் அது ஒரு முக்கோணம்: அரை × 4 × 72 = 144. கணக்கு ஒத்துப்போகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சராசரித் திறன் 36 வாட் என்பது நேரத்தின் நடுவில், அதாவது 2 ஆவது வினாடியில் உள்ள உடனடித் திறனுக்குச் சமம். தூரத்தின் நடுவில் அப்படி இல்லை. 12 மீட்டரைக் கடக்கும்போது திசைவேகம் ஏறத்தாழ 8.49 மீ/வி, திறன் சுமார் 51 வாட். நடுவில் உள்ள மதிப்பைச் சராசரியாக எடுத்துக்கொள்ளும் இந்தக் குறுக்குவழியே திறன் நேர்கோடாக ஏறினால்தான் செல்லும். திறன் வளைந்து ஏறும் கணக்குகளில் இதைப் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

அடுத்து விசை × திசைவேகம் என்ற சூத்திரம். இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் இப்படி எழுதுகிறார்கள்: வேலை = விசை × இடப்பெயர்ச்சி, இதை நேரத்தைப் பொறுத்து வகைக்கெழு காண்போம். நுண்கணிதம் நன்றாகத் தெரிந்த மாணவர் இங்கேதான் மாட்டுவார். விசையும் மாறுகிறது என்றால் பெருக்கல் விதிப்படி இரண்டு உறுப்புகள் வரவேண்டுமே? விசை × திசைவேகம் என்பதோடு, இடப்பெயர்ச்சி × விசை மாறும் வீதம் என்று இன்னொன்றும் வருமே? புத்தகம் அதைக் காணாமல் அடித்துவிட்டதா?

இல்லை. அந்த இரண்டாவது உறுப்பு தவறு என்பதை ஒரு சூழ்நிலையை வைத்துப் பார்க்கலாம். ஒரு பெட்டியை 3 மீட்டர் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். இப்போது மறுபடியும் தள்ளத் தொடங்குகிறீர்கள். ஓய்வுநிலை உராய்வு தாங்கிக்கொள்வதால் பெட்டி அசையவில்லை. விசையை மட்டும் வினாடிக்கு 10 நியூட்டன் வீதம் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். அந்த இரண்டாவது உறுப்பை நம்பினால் 3 × 10 = 30 வாட் திறன் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும். பெட்டியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு ஜூல்கூட உள்ளே போகவில்லை.

கோளாறு தொடக்கத்திலேயே இருக்கிறது. வேலை = விசை × இடப்பெயர்ச்சி என்பது மாறா விசைக்கு மட்டுமே பொருந்தும். பொதுவாக, ஒவ்வொரு சிறு இடப்பெயர்ச்சியின்போதும் அந்த இடத்தில் இருக்கும் விசையால் அதைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டு வருவதுதான் வேலை, அதாவது ஒரு தொகையீடு. ஒரு சிறு நேரத்தில் நடக்கும் வேலை, அப்போதைய விசை × அந்தச் சிறு இடப்பெயர்ச்சி. அதைச் சிறு நேரத்தால் வகுத்தால் அப்போதைய விசை × அப்போதைய திசைவேகம். விசை எப்படி மாறினாலும் இது செல்லும். கூடுதல் உறுப்பு எதுவும் இல்லை.

ஆக, உடனடித் திறனுக்கு ஒரே சூத்திரம் போதும். சிக்கல் வருவது சராசரியில்தான். சராசரித் திறன் = சராசரி விசை × சராசரித் திசைவேகம் என்று எழுதலாமா? விசை மாறாததாக இருந்தால் எழுதலாம். விசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சுருள்வில்லை எடுத்து, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வில்மாறிலி 200 நியூட்டன்/மீட்டர். 0.1 மீட்டர் அமுக்கி, முன்னால் 0.5 கி.கி கட்டை ஒன்றை வைத்து விட்டுவிடுகிறோம். உராய்வு இல்லை. வில்லில் இருந்த ஆற்றல் 1 ஜூல். வில் தன் இயல்பு நீளத்தை எட்டும்போது அது முழுவதும் கட்டைக்குப் போய்விடும், கட்டையின் வேகம் 2 மீ/வி. கோண அதிர்வெண் வினாடிக்கு 20 ரேடியன், எனவே இதற்கு ஆகும் நேரம் கால் அலைவு, சுமார் 0.0785 வினாடி. சராசரித் திறன் 1 ÷ 0.0785, அதாவது சுமார் 12.7 வாட்.

இந்தக் குட்டி நேரத்துக்குள் உடனடித் திறன் என்ன செய்கிறது என்று பாருங்கள். விட்ட கணத்தில் விசை உச்சத்தில் இருக்கிறது, 20 நியூட்டன். ஆனால் கட்டை அசையவில்லை, எனவே திறன் பூஜ்யம். இயல்பு நீளத்தை எட்டும் கணத்தில் வேகம் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் விசை இல்லை. மறுபடியும் திறன் பூஜ்யம். நடுவில் எங்கோ உச்சம் இருந்தாக வேண்டும். விசை கொசைன் போல இறங்குகிறது, வேகம் சைன் போல ஏறுகிறது. இரண்டின் பெருக்கல், நேரத்தில் சரிபாதியில் உச்சம் தொடுகிறது. அப்போது விசை 14.1 நியூட்டன், வேகம் 1.41 மீ/வி, திறன் 20 வாட். வில் இன்னும் சுமார் 7 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும் இடம் அது. தூரத்தில் பாதிகூடத் தாண்டவில்லை.

இப்போது அந்தக் குறுக்குவழியைச் சோதிக்கலாம். கட்டையின் உந்த மாற்றம் 1 கி.கி மீ/வி. அதை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 12.7 நியூட்டன். சராசரித் திசைவேகம் 0.1 ÷ 0.0785, அதாவது 1.27 மீ/வி. பெருக்கினால் சுமார் 16.2 வாட். உண்மையான சராசரி 12.7 தானே? ஏறக்குறைய கால் பங்கு அதிகமாகக் காட்டுகிறது. விசை பெரிதாக இருக்கும்போது வேகம் சிறிது, வேகம் பெரிதாகும்போது விசை சிறிது. இரண்டும் சேர்ந்து பெரிதாக இருக்கும் நேரமே இல்லை. தனித்தனியாகச் சராசரி எடுத்துப் பெருக்குபவருக்கு இது தெரிய வழியில்லை.

வேடிக்கை என்னவென்றால், விசையின் சராசரியை நேரத்தைப் பொறுத்து எடுக்காமல் தூரத்தைப் பொறுத்து எடுத்தால் 10 நியூட்டன் கிடைக்கும். அதை 1.27-ஆல் பெருக்கினால் சரியான 12.7 வாட் வந்துவிடுகிறது. தூரச் சராசரி விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலையே வந்துவிடும் என்பதுதான் காரணம். ஆனால் தேர்வில் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். சராசரித் திறன் கேட்டால் மொத்த வேலையைக் கண்டுபிடியுங்கள், மொத்த நேரத்தால் வகுங்கள். அவ்வளவுதான்.

திசையைப் பற்றி இதுவரை பேசவில்லை. விசையும் திசைவேகமும் வெக்டர்கள். திறன் அவற்றின் ஸ்கேலார் பெருக்கல், எனவே இடையிலுள்ள கோணத்தின் கொசைன் உள்ளே வருகிறது. கோணம் 90 டிகிரி என்றால் விசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திறன் பூஜ்யம். தனி ஊசலை வைத்து ஒரு கேள்வி அடிக்கடி வரும்: குண்டு அடிப்புள்ளியைக் கடக்கும்போது புவியீர்ப்பு விசையின் திறன் என்ன? வேகம் உச்சத்தில் இருக்கிறதே என்று நினைத்து "பெருமம்" என்று குறித்துவிடுவார்கள். அங்கே திசைவேகம் கிடைமட்டம், எடை செங்குத்து. திறன் பூஜ்யம். இரு கோடிகளிலும் வேகம் இல்லாததால் அங்கேயும் பூஜ்யம். சிறு அலைவுகளில் உச்சம் வருவது, கோணம் வீச்சின் சுமார் 0.71 பங்காக இருக்கும்போது. சுருள்வில்லில் பார்த்த அதே கதை. நூலின் இழுவிசையோ எப்போதும் இயக்கத்துக்குச் செங்குத்து, அதன் திறன் முழு நேரமும் பூஜ்யம்.

எதிர்க்குறி வந்தால் பயப்பட வேண்டாம். அரை கிலோ பந்தை 20 மீ/வி வேகத்தில் செங்குத்தாக மேலே எறிந்தால், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டு, எறிந்த கணத்தில் எடையின் திறன் −100 வாட். உச்சியில் பூஜ்யம். திரும்பி வந்து கைக்கு எட்டும் கணத்தில் +100. ஏறும் 2 வினாடிகளின் சராசரி −50, இறங்கும் 2 வினாடிகளின் சராசரி +50, முழுப் பயணத்துக்கும் பூஜ்யம். மேலே போகும்போது எடை பந்திலிருந்து இயக்க ஆற்றலை எடுக்கிறது, வரும்போது திருப்பித் தருகிறது. சாய்வாக எறிந்தாலும் இதே கணக்குதான், செங்குத்துக் கூறை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எந்த விசையின் திறன்" என்ற கேள்விக்கு மின்தூக்கி நல்ல உதாரணம். 500 கி.கி கூண்டு 2 மீ/வி சீரான வேகத்தில் ஏறுகிறது. கம்பியின் திறன் 5000 × 2 = 10 கிலோவாட். எடையின் திறன் −10 கிலோவாட். தொகுபயன் விசை, அதாவது எல்லா விசைகளையும் சேர்த்தால் மிஞ்சுவது, பூஜ்யம், அதன் திறனும் பூஜ்யம். இயக்க ஆற்றல் மாறவில்லை என்பதற்கும் இது ஒத்துவருகிறது, ஏனென்றால் தொகுபயன் விசையின் திறன்தான் இயக்க ஆற்றல் மாறும் வீதம். இப்போது அதே கூண்டு 2 மீ/வி வேகத்தைக் கடக்கும்போது 1 மீ/வி² முடுக்கமும் இருக்கிறது என்றால் கம்பியின் இழுவிசை 5500 நியூட்டன், திறன் 11 கிலோவாட். கூடுதல் 1 கிலோவாட் இயக்க ஆற்றலாகச் சேர்கிறது. மோட்டாரின் திறனைக் கேட்டார்களா, தொகுபயன் விசையின் திறனைக் கேட்டார்களா என்று பார்க்காமல் எழுதுவதால்தான் இந்தக் கணக்கில் விடைகள் கலைந்துபோகின்றன.

இதுவரை விசை தரப்பட்டிருந்தது, திறன் மாறியது. திருப்பிப் போட்டால்? திறன் மாறாமல் இருந்தால் விசை என்ன ஆகும்? 1000 கி.கி வண்டி ஒன்றின் சக்கரங்களுக்கு 50 கிலோவாட் மாறாமல் போகிறது, தடைகள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இயக்க ஆற்றல் நேரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும், எனவே வேகம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 10 மீ/வி எட்ட 1 வினாடி. 20 எட்ட 4 வினாடி. 30 எட்ட 9 வினாடி. முதல் பத்துக்கு ஒரு வினாடி போதும், மூன்றாவது பத்துக்கு ஐந்து வினாடி வேண்டும். 10 மீ/வி வேகத்தில் 5000 நியூட்டனாக இருந்த விசை, 25 மீ/வி வேகத்தில் 2000 நியூட்டனாகிவிடுகிறது. கடந்த தூரத்துக்கு மாறா முடுக்கச் சூத்திரங்களைத் தொடவே கூடாது. இங்கே தூரம் = மூன்றில் இரண்டு பங்கு × இறுதி வேகம் × நேரம். 9 வினாடியில் 180 மீட்டர். மாறா விசை என்று நினைத்துக் கணக்கிட்டால் 135 மீட்டர் என்று வரும்.

அப்புறம், இந்த மாதிரிக்கணக்கு ஓய்விலிருந்து அப்படியே கிளம்ப முடியாது. 1 மீ/வி வேகத்திலேயே விசை 50,000 நியூட்டன், அதாவது வண்டியின் எடையைப்போல ஐந்து மடங்கு. எந்தச் சாதாரண டயரும் தரையை அவ்வளவு பிடிக்காது. தொடக்கத்தில் பிடிமானம் விசைக்கு வரம்பு வைக்கிறது, வேகம் ஏறிய பிறகுதான் எஞ்சினின் திறன் வரம்பு வைக்கிறது. காற்றுத் தடையையும் சேர்த்தால், தடை விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும்போது அதை ஈடுகட்டத் தேவையான திறன் வேகத்தின் முப்படியாக ஏறும். வேகம் இரு மடங்கு, திறன் எட்டு மடங்கு.

அலகைப் பற்றி ஒன்றே ஒன்று. ஜேம்ஸ் வாட் குதிரைத்திறனுக்கு வைத்த அளவு நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு, இன்றைய கணக்கில் சுமார் 746 வாட். அது ஒரு குதிரை நீண்ட நேரம் செக்கு போலச் சுற்றிவந்து செய்யும் வேலைக்கான சராசரி. அதே குதிரை சில வினாடிகளுக்கு அதைப்போலப் பல மடங்கு திறனைக் காட்டும். கிலோவாட்-மணியோ திறனே அல்ல, ஆற்றல்: 36 லட்சம் ஜூல்.

கடைசியாக, மாணவர்களைவிட ஆசிரியர்களையே அதிகம் தடுமாற வைக்கும் ஒரு கணக்கு. 2 மீ/வி சீரான வேகத்தில் கிடைமட்டமாக ஓடும் பெல்ட்டின்மேல் வினாடிக்கு 5 கி.கி மணல் மேலிருந்து கொட்டுகிறது. பெல்ட்டின் வேகம் குறையாமல் இருக்க மோட்டார் கூடுதலாகத் தரவேண்டிய திறன் என்ன? உந்தம் மாறும் வீதம் 5 × 2 = 10 நியூட்டன், அதுதான் தேவைப்படும் விசை. திறன் 10 × 2 = 20 வாட். ஆனால் மணல் வினாடிக்குப் பெறும் இயக்க ஆற்றல் அரை × 5 × 4 = 10 ஜூல் மட்டுமே. மீதி 10 வாட்?

அது வெப்பமாகிறது. மணல் விழுந்தவுடனே பெல்ட்டின் வேகத்தை எட்டிவிடாது, கொஞ்ச நேரம் வழுக்கும். அந்த நேரத்தில் உராய்வு விசை மணலையும் பெல்ட்டையும் ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில் தள்ளுகிறது. ஆனால் பெல்ட் முழு வேகத்தில் நகர்கிறது, மணல் பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது. எனவே மணல் நகரும் தூரத்தைப்போல இரு மடங்கு தூரம் பெல்ட் நகர்ந்துவிடும். ஒரே விசை, பெல்ட்டிடமிருந்து வாங்குவது இரண்டு பங்கு, மணலுக்குத் தருவது ஒரு பங்கு. பெல்ட்டைச் சொரசொரப்பாக்கினால் இழப்பு குறையாதா என்று கேட்கலாம். குறையாது. உராய்வு விசை இரு மடங்கானால் வழுக்கும் தூரம் பாதியாகிறது, பெருக்கல் அப்படியே இருக்கிறது. பெல்ட் எதனால் செய்யப்பட்டிருந்தாலும் அந்த 10 வாட் வெப்பமாகத்தான் போகும்.